அசாம் ஜாவா தராசின் கெர்னல்

"அண்ணே, பன்னெண்டு லோரி நிக்குது. பழமெல்லாம் வெயில்ல வாடுது!"

எடைக் கணக்கு எழுதும் தராசுக் கிராணி தனேஸ்வரி இதை மூன்றாம் முறையாகச் சொல்கிறாள். கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பவனேஷ் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அசாம் ஜாவா செம்பனைத் தோட்டத்தின் லோரித் தராசு காலையிலிருந்து எடை காட்டவில்லை. எடையைக் காட்டிக் கணக்கில் ஏற்றுவது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், இந்தத் தராசுக்கென்றே அமைத்த சின்ன லினக்ஸ் கணினிப் பெட்டி. ஆயுத பூஜைக்காக முதலாளி இந்தப் பெட்டியையும் ரவாங் கிளைப் பெட்டியையும் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, ஒரே மேசையில் வைத்து, எழுத்து, பட்டன் எதுவும் தெரியாத அளவுக்குச் சந்தனம் அப்பியிருந்தார். பூஜை முடிந்து நேற்று இரண்டையும் திரும்பக் கொண்டுபோய் மாட்டியவன் பவனேஷ்தான்.

அவனுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவரே இங்கு வருகிறார்.

பெட்டிக்குத் திரை கிடையாது. 'அசாம் ஜாவா' என்ற பெயரைத் தேடி நெட் வழியாக உள்ளே நுழைந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன்! போன வாரம் அப்டேட் போட்டதுல கெர்னல் மாறியிருக்கு, அதான் பெட்டியோட மூளை. தராசோட பேசுற டிரைவர் புரோகிராம் பழசு. ரெண்டும் ஒரே நம்பர்ல இருக்கணும். அஞ்சு நிமிஷம் லா."

புது நம்பருக்கான டிரைவரை ஏற்றினான். தராசு அசையவில்லை.

"ஏத்துனது புதுசு, ஆனா இப்ப ஓடுற கெர்னல் பழசு! ரீஸ்டார்ட் பண்ணணும்."

பண்ணினான். எல்லாம் சரி என்று மடிக்கணினி சொன்னது. தராசு சுழியத்திலேயே நின்றது.

"அண்ணே, பெட்டி லைட்டு அணையவே இல்லியே?"

"லினக்ஸ் அப்படித்தான். நீ லோரியப் பாரு."

பழைய கெர்னலுக்கே திரும்பினான். இப்போது புது டிரைவர் முறைத்துக்கொண்டது. ஆத்திரத்தில் இரண்டு டிரைவரையும் பிடுங்கிவிட்டு வேறொரு கெர்னலை ஏற்றி, மறுபடி ரீஸ்டார்ட் செய்தான். அதோடு பெட்டி நெட்டிலிருந்தே காணாமல் போனது. வெளியே லோரிகள் பத்தொன்பது. ஒருவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

கைப்பேசி அடித்தது. ரவாங் கிளையிலிருந்து நித்தியா.

"பவனேஷ், எங்க தராசுப் பெட்டிக்குப் பேய் பிடிச்சிருச்சு! காலையிலேர்ந்து தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இப்ப சுத்தமா செத்துப் போச்சு."

"அங்கயுமா? அப்படின்னா அப்டேட்தான் காரணம். இத முடிச்சிட்டு வரேன்!"

இரண்டு இடத்திலும் ஒரே கோளாறு என்றதும் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பு தன்மேல் இல்லை, பாருங்கள்.

முதலாளியின் கார் வாசலுக்குள் நுழைந்தது. அலுவலகம் கூட்டும் தாயம்மா பதறிப்போய், ஈரத்துணியோடு ஓடிவந்து அலமாரியைத் திறந்து, பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இதுல 'ரவாங்'னு எழுதியிருக்கு?"