சீனித் தீட்டு

மேடையில், கல்யாணங்களில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில், தேனமுத சுவாமிகள். பெண் உட்காரும் நாற்காலியில் தேன் குடம். அதற்கும் ஒரு மாலை. கீழே முதல் வரிசையில் மண்டப முதலாளி கோட்டைச்சாமி, அவருக்கு வலப்புறம் விருதுநகரிலிருந்து கார் பிடித்து வந்த வத்தல் மண்டிக்காரர்கள் மூவர், இடப்புறம் அச்சாபீஸ் முதலாளி ஒருவர். இந்த ஐவருக்கு மட்டும் மின்விசிறி உண்டு. இரண்டாவது வரிசை முதல் எட்டாவது வரை சுகர் உள்ளவர்கள். ஒன்பதாவது வரிசையில் சுகர் வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். ஜமுக்காளத்தில் பெண்கள். அவர்களில் தூணோரமாக, தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) குச்சி அள்ளிப் பெட்டி அடைக்கிற சோலையம்மாள், வலது காலை நீட்டியபடி. மடக்கினால் பெருவிரலடிப் புண் வலிக்கும். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த அடுத்த வீட்டு நசிமா அவள் பக்கத்தில். நசிமா வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்பவள். வாசலருகே, வந்தவர்களை எழுதி வைக்கச் சொல்லி உட்கார வைக்கப்பட்ட நான். மொத்தம் இருநூற்றுப் பதினேழு பேர். மூளையையும் கூட்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஊர் திருத்தங்கல். வருஷம் 2006. தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள் திறக்காத வாரம். ஜனங்களுக்குக் கையில் நேரம் இருந்தது. சுவாமிகளுக்கு அது தெரிந்திருந்தது.

சுவர்களிலெல்லாம் நாலு கலர் சுவரொட்டி. 'மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், கேக் போதும்!' சுகர் வந்தவன் இனிப்பைத் தொடாதே என்கிறார் டாக்டர். மூன்று வேளையும் கேக் சாப்பிடு என்கிறார் சாமி. கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்?

முறை மிகச் சுலபம். சாமியிடம் மந்திரத் தேன் வாங்க வேண்டும். சீனி போடுகிற இடத்தில் அதை ஊற்றி மாவு கலக்க வேண்டும். குக்கரில் மணலைப் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு வேகவைக்க வேண்டும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வேளைக்கு மூன்று துண்டு. அதுவரை மாத்திரை கூடாது. 'மாத்திரையும் தேனும் ஒரே வயிற்றில் சண்டை போடும்' என்பது சாமி வாக்கு.

சுகர் இறங்கவில்லையா? அதற்கும் சாமியிடம் பதில் உண்டு. சீனித் தீட்டு! எப்போதோ சீனி பட்ட பாத்திரத்தில் மாவு கலக்கியிருப்பீர்கள். அந்தத் தீட்டைக் கழுவ இன்னொரு பாட்டில் தேன் வேண்டும். பாயசம் வைக்காத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே சாமியின் வைத்தியம் என்றும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் பாத்திரங்கள்தான்.

சோலையம்மாளுக்கு அன்றைக்கு முப்பத்தோராவது நாள். மாத்திரை அட்டைகளைச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தாள். அதோடு நிற்கவில்லை. வெம்பக்கோட்டையில் இருக்கும் தங்கை பொன்னுத்தங்கத்துக்கும் சுகர். அவளையும் போன் போட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அக்காள் சொன்னால் தங்கைக்கு வேதம்.

"புண்ணு ஆறலையேக்கா" என்று நசிமா தினமும் சொன்னாள்.

"தீட்டுக் கழியணும்ல. சும்மா இரு" என்றாள் சோலையம்மாள்.

இந்த நிலையில்தான் மண்டபத்தில் நசிமா எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளு தாயி."

"நானும் தேன் ஊத்தி கேக் போடுறவதான். ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன், பாலைக் குறைச்சு, தீயையும் குறைச்சு வைப்பேன். இல்லாட்டி மேல சீக்கிரம் கருகிரும். கேக்கு மெத்துனு நல்லாத்தான் இருக்கும். ஆனா தேனும் இனிப்புத்தான? சீனிக்குக் கூடப்பிறந்த தங்கச்சிதான? உள்ள போனா சுகரு ஏறத்தான செய்யும்?"

சாமி சிரித்தார். "கடைத் தேன் ஏத்தும் தாயி. இது மலைத் தேன். நீ சீனி புழங்குற கை. தீட்டுக் கைக்கு இதோட அருமை தெரியாது."

"உக்காரு தாயி!" என்றது ஐந்தாவது வரிசை.

"அவ கேக்கு யாவாரம் படுத்துரும்ல, வயித்தெரிச்சல்!" என்றது ஆறாவது.

சாமி கையை உயர்த்தினார். மடியிலிருந்து தம்முடைய தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைத் தேனில் முக்கி, உதறி, உரசினார். குப்பென்று பற்றியது.

"கலப்படத் தேனுல முக்குன குச்சி பத்துமா? சுத்தம்! சுத்தம்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். உலகத்துக்கே நெருப்புக் கொடுக்கிற ஊர். நாள் முழுக்கக் குச்சியை அள்ளி அள்ளிப் பெட்டியில் போடுகிற ஜனம். அதுதான் ஒரு குச்சி பற்றியதற்குக் கைதட்டியது.

கைதட்டல் சாமியின் தலைக்கேறியது. தவறும் அங்கேதான் நடந்தது. கூட்டத்திலேயே அப்பாவியாகத் தெரிந்த ஒருத்தியை அவர் கண் தேடியது.

"கால நீட்டி உக்காந்திருக்கீங்களே, அந்தத் தாயி மேல வாங்க. நீங்களே முக்கி உரசுங்க. உங்க பக்கத்துலருக்க பிள்ளைக்குப் புத்தி வரட்டும்."

சோலையம்மாள் நொண்டிக்கொண்டே மேடையேறிக் கும்பிட்டாள். சாமி ஒரு குச்சியை நீட்டினார். வாங்கிய கை நின்றுவிட்டது. கட்டை விரல் குச்சியின் தலையை ஒரு தடவை தடவியது. மறுபடியும் தடவியது. இருபத்திரண்டு வருஷம் பெட்டி அடைத்த விரல்.

"மருந்து சொரசொரன்னுல இருக்கும்? இது வழுவழுங்குது சாமி."

"அது தேன் பட்ட வழுவழுப்பு தாயி."

"இன்னும் முக்கவே இல்லையே சாமி."

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். சோலையம்மாள் சிரிக்கவில்லை. இந்தக் குச்சி பொய்யென்றால் முப்பத்தொரு நாளும் பொய். வெம்பக்கோட்டைக்குப் போட்ட போனும் பொய். வாயை மூடிக்கொண்டு உரசிவிட்டு இறங்கினால் எல்லோருக்கும் நிம்மதி. அவள் கீழே பார்த்துக் கூப்பிட்டாள்.

"நசிமா, ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டா."

"தண்ணி எதுக்கு தாயி? தீட்டு!" என்று சாமி எழுந்தார்.

"பச்சத் தண்ணிக்கு ஏது சாமி தீட்டு?"

குச்சியைத் தண்ணீரில் முக்கினாள். உதறினாள். உரசினாள். குப்பென்று பற்றியது.

"அடேயப்பா! எங்க ஊருக் குழாத் தண்ணியும் சுத்தமான தேனுதான் போல!"

பிறகு கோட்டைச்சாமியிடம் கை நீட்டி, அவர் பீடி பற்றவைக்கிற தீப்பெட்டியை வாங்கினாள். அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சாமியின் தேனில் முக்கி உரசினாள். மருந்து கரைந்து பெட்டியில் இழுகியது; பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. கடைசியாகச் சாமியின் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து நகத்தால் சுரண்டிக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"மெழுகு! மருந்துக்கு மேல மெழுகு முக்கியிருக்கு. தண்ணியில போட்டாலும் நனையாது, தேனுல போட்டாலும் ஒட்டாது. ஏலே, தீப்பெட்டி ஆபீஸ்காரி கையிலயா குச்சியக் குடுக்க?"

மண்டிக்காரர் ஒருவர் மேடையேறி, குடத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். கலப்படத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

"சீனிப்பாகுய்யா! மணத்துக்குக் கொஞ்சம் ஏலக்கா!"

ஆக, சீனித் தீட்டுக்குப் பயந்த ஊர் ஒரு மாதமாக வேளை தவறாமல் சீனி சாப்பிட்டிருக்கிறது.

சத்தம் கிளம்புவதற்குள் சாமி, பந்திப் பாத்திரம் கழுவுகிற கொல்லை வழியாகப் போய்விட்டார். குடத்தை விட்டுவிட்டார், தேன் விற்ற பையை விடவில்லை. இனியாவது இருநூற்றுப் பதினேழு பேரும் யோசிப்பார்கள் என்று நினைத்தேன். நாலாவது வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"இது டூப்ளிகேட் சாமி. சரி. அப்ப ஒரிஜினல் மந்திரத் தேனு எங்கன கிடைக்கும்?"

"எம்புட்டு ஒரிஜினலா இருந்தாலும் தேனு சுகரை ஏத்தும்ணே" என்றாள் நசிமா. "கேக்கு ருசிக்குத் திங்கிறது. வைத்தியத்துக்கு இல்ல."

மறுநாள் சோலையம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் வயிற்றில் 372. இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டரம்மா. தினமும் கட்டுப் போட வரச் சொன்னார். சோலையம்மாள் தலையாட்டினாள். வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டாள்.

"சாமி மேல பழி போடாதக்கா. உனக்குத்தான் தீட்டு" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுவாமிகள் வெம்பக்கோட்டையில் அருள்பாலிக்கிறாராம்; சுவரொட்டி ஒட்டியாயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், தங்கைக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லிச் சோலையம்மாள் என் வீட்டுக்கு வந்தாள்; எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பது. ஐந்து ரூபாய்த் தபால் கவர் கையிலேயே இருந்தது. நான் வழக்கம் போல 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினேன்.

"அதை அடிங்க. நானும் நலமா இல்ல, அவளும் நலமா இல்ல. பொய்யோட ஆரம்பிக்க வேண்டாம். நாஞ் சொல்றத மட்டும் எழுதுங்க."

அடித்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

'பொன்னு, நான் சொன்னேன்னுதான் நீ மாத்திரையை நிறுத்துன. அது என் தப்பு. சாமி சொன்னாருன்னு நான் நம்புனேன். அக்கா சொன்னான்னு நீ நம்புன. யோசிக்கிற வேலையை ரெண்டு பேருமே அடுத்தவுக தலையில வச்சுட்டோம். அதனால இந்தக் கடுதாசியையும் நம்பாத. கிடைச்ச மறுநாள் காலையில வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தக் குடு. அங்கன என்ன நம்பர் வருதோ, அது சாமியவிடப் பெரிசு, என்னையவிடவும் பெரிசு. அது சொல்றதக் கேளு.'

வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றாள். மடித்துக் கவருக்குள் வைத்து, மேல்மடிப்பை நனைத்து, நாலு மூலையும் படியும்படி அழுத்தித் தேய்த்தாள். கடிதத்தை நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. கட்டுப்போட்ட காலோடு தெருமுனை வரை நடந்தாள். நாலு மணித் தபால் எடுக்க ஆள் வந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் போடாமல் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைப் பையில் போட்டு, வாயைக் கட்டி, சைக்கிளில் ஏறினார்.