பைக்கில் எழுதிய ரத்தம்

தன் உடம்பைப் பற்றி அதிகம் பீற்றிக்கொள்கிறவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நான் போய்விட்டேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் ரத்தம் ஓ நெகட்டிவ். யார் யாரோ டோல்கேட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டைத் தேடிவந்து அவரைக் கூட்டிப்போவார்கள். கையில் பஞ்சை அழுத்தியபடி அவர் திரும்பிவரும்போது தெருவே எழுந்து நிற்கும் (எனக்கு அப்படித் தெரியும்). இனிஷியல் அப்பாவுடையது, மூக்கு அப்பாவுடையது, ரத்தம் மட்டும் வேறா இருக்கும்? பரிசோதிக்காமலே என் பைக் டேங்கில் ‘ஓ நெகட்டிவ்’ என்று சிவப்பில் எழுதவைத்தேன்.

2002-ல் அக்காவுக்குப் பிரசவம். மறுநாள் ஆபரேஷன், ரத்தம் ஒரு பாட்டில் தயாராக இருக்கட்டும் என்றார் டாக்டர். அக்காவும் ஓ நெகட்டிவ். அவளுக்கு அதே ரத்தம்தான் சேரும். அப்பா சட்டையை மடித்தார். இன்சுலின் போடுகிறவரிடம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர், எர்ணாவூர் மாமா, சுவரில் சாய்ந்துவிட்டார்.

“மாமா, நீ இன்னாத்துக்குப் பேஜாராவற? நான் கீறேன்ல” என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணத்தில் என்னைத் திரும்பியும் பார்க்காத அவருடைய அம்மா, அன்று சாயங்காலமே ஆட்டு ரத்தப் பொரியலோடு வந்து, ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். ரத்தம் ஊறணுமாம். நானும் மாப்பிள்ளை முறுக்கோடு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

காலையில் ரத்த வங்கியில் இருந்த நர்சம்மா என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, பி பாசிட்டிவ் என்றார். நன்றாகப் பாருங்கள், என் பைக்கிலேயே எழுதியிருக்கிறது என்றேன் (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்).

“பைக்குக்கு ரத்தம் ஏத்தும்போது அதைப் பாத்துக்கலாம்” என்றார் அவர்.

சிரிப்பு வரவில்லை. அக்கா உள்ளே பச்சைத் துணி கட்டிக் காத்திருந்தாள். என் வாய்க்கொழுப்பை நம்பி மாமா வேறு ஆளே தேடவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் இன்னொரு விரலை நீட்டி, இதில் குத்திப் பாருங்கள் என்றேன். அந்த நர்சம்மாவுக்கே பாவமாகிவிட்டது போல. ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் ஓ நெகட்டிவ் இருக்கிறது, பதிலுக்கு உங்கள் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போங்கள் என்றார்.

கொடுத்தேன். எழுந்தேன். விழுந்தேன். கண் திறந்தபோது மாமாவின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் அக்காவுக்குத் தேவைப்பட்டது, ஏற்றினார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம்.

வீட்டுக்கு வந்ததும்தான் அம்மா வாயைத் திறந்தாள். அவளும் பி பாசிட்டிவாம். அதுவரை நாங்கள் யாரும் அவளைக் கேட்டதே இல்லை.

“அப்பன் அப்பன்னு ஆடிகினு இருந்தியே, உள்ள ஓடறது யார்துடா?”

அன்றுவரை எங்கள் வீட்டில் மீன் தலை அப்பாவுக்குத்தான். அன்றிலிருந்து என் தட்டில் விழுகிறது. இன்றும் அப்பா குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தால் அம்மா திரும்பாமலே சொல்கிறாள்: “உன் குரூப்பு ஆளு எர்ணாவூர்ல கீறா. அங்க போயி கேளு.”