டெல்லிக்கவலையின் வீட்டு விஷயம்

இந்திய தேசத்துத் தலைவர்களின் குடும்ப வாழ்க்கைக்காக டெல்லிக்கவலை விட்ட கண்ணீரை அந்தத் தலைவர்களின் மனைவிமார்கூட விட்டிருக்க மாட்டார்கள். அதற்காக ஊர் வைத்த பட்டப்பெயர்தான் அது. அவர் தக்கலை தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். நான் உள்ளே மனு வாங்கும் கிளார்க். சுதந்திரம் வந்த புதிது. எந்த மந்திரிக்கு எத்தனை வீடு, எந்தத் தலைவர் யாரோடு மலைக்குப் போய்த் தங்கினார் என்று திருவனந்தபுரம் பஸ் கண்டக்டர்கள் எதையாவது உளறிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு இவர் பேனாவைத் தொட மாட்டார்.

பட்டா மாற்ற மனு கேட்டு வருகிறவரிடம் எரிந்து விழுவார்: "நாட்ட ஆளப்பட்டவன் கெட்டின பெண்டாட்டிய விட்டுட்டு அலையுதான். ஒமக்குப் பட்டா ஒண்ணுதான் கொறச்சலா, வே?"

பெரிய தலைவர் ஒருவர் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம் என்று ஒருநாள் சேதி வந்தது. மனுஷன் முறைப்படி மனுவே தயார் செய்துவிட்டார். 'மேற்படி மனைவியை மேற்படி வீட்டில் மீண்டும் சேர்த்துக்கொண்டு தேசத்தின் மானத்தைக் காக்க வேண்டுமாய்த் தாழ்மையுடன்...' கோர்ட்டு ஸ்டாம்பு வேறு.

"ஸ்டாம்பு எதுக்கு அண்ணாச்சி?"

"ஒட்டாட்டா மனுவ எடுக்க மாட்டானுவ, மக்கா. சட்டம்லா?"

டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. தபால்காரரைப் பார்த்துப் பார்த்தே ஆள் மெலிந்தார். வீட்டிலும் டெல்லி நினைப்புதான். கஞ்சி வைத்தவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடைசியில் அவர் மனைவி புதுக்கடை ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாசம் நாலாகியும் இவர் அசையவில்லை. நான் கேட்டேவிட்டேன்.

"ஏலே, அது வீட்டு விஷயம்லா! வெளிய பேசப்பிடாது" என்றார்.

அடுத்த வாரம் அவளே பஸ் ஏறி வந்து நேராக அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"தாசில்தாருக்கு ஒரு மனு எழுதணும். எனக்க வீட்டுக்காரரு எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசி வருஷக்கணக்காச்சு. என்னைய வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லி உத்தரவு போடணும்."

புத்தியுள்ளவன் கையோடு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பான். இவர் பேனாவை எடுத்தார்! கண்ணைத் துடைத்துக்கொண்டே, எதிர்மனுதாரர் கல்நெஞ்சக்காரர் என்று தன்னைப் பற்றித் தானே ஒரு குறையும் விடாமல் எழுதி, கைநாட்டு வாங்கி, ஸ்டாம்பும் ஒட்டி உள்ளே கொடுத்தார். அவர் எழுந்து வருகிறாரா என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"பொறத்தால போங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"உத்தரவு வராம எப்படி மக்கா போவ? மனு நிலுவையில கெடக்குல்லா?"

தாசில்தார் மனுவைப் படித்துச் சிரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இவரோ தினமும் என் ஜன்னலில் வந்து, "உத்தரவு ஆச்சா?" என்று கேட்பார். பொறுக்கமாட்டாமல் நானே ஓர் உத்தரவு எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். தெரிந்தால் வேலை போயிருக்கும். போனால் போகட்டும் என்றிருந்தது. சலவை வேட்டி கட்டி, ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டு புதுக்கடை பஸ் ஏறினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்கால பஸ்ஸில் தனியாக இறங்கினார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"'உத்தரவு வந்ததுனால வந்தியளா'ன்னு கேட்டா. ஆமான்னேன். கதவ அடைச்சிட்டா, மக்கா."

ஐயோ, ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! எனக்கு மனசு ஆறவேயில்லை. உத்தரவே பொய் என்று சொல்லவும் கடைசிவரை தைரியம் வரவில்லை. அன்று முதல் ஆபீஸ் விட்டதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டெல்லியில என்ன விசேஷம், அண்ணாச்சி?" என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.