ஆறடி அடிக்கல்

“தலைவரே, கல்லைக் காணோம்!”

உதவியாளர் பிச்சைமுத்து போனில் கத்திய கத்தலில், கள்ளக்குறிச்சி வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த எம்.எல்.ஏ. கொளஞ்சியப்பனுக்குப் புரையேறியது.

“எந்தக் கல்லுடா?”

“நெல்லிமடுவுல பாலத்துக்கு நீங்க நட்ட அடிக்கல்லு. நாலுல ஒண்ணுகூட இல்லீங்க. குழிதான் இருக்குது.”

கல்வராயன் மலையில் நெல்லிமடுவு ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. கடந்த நான்கு தேர்தல்களில் ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அதன் கரையில் ஓர் ஆளுயர அடிக்கல் நாட்டினார் கொளஞ்சியப்பன். பாலம் மட்டும் வரவில்லை. ஆனாலும் நான்கு தடவையும் மலை ஓட்டுதான் அவரைக் கரையேற்றியது. “கீழ இருக்கறவன் காலை வாரினாலும் மலை சனம் என்னைக் கைவுடாது” என்று மேடைக்கு மேடை மார்தட்டிக்கொள்வார்.

இப்போது சீட்டுக்கே ஆபத்து. மணலூர்பேட்டை வக்கீல் எழில்மதிக்குக் கொடுக்கலாமா என்று கட்சி மேலிடம் யோசித்தது. சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர் மறுநாளே வருகிறார். “இருபது வருஷத்துல முடிச்ச ஒரு வேலையைக் காட்டுங்க. அந்த நெல்லிமடுவுப் பாலத்தையே பாக்கறேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். கல்லையாவது காட்டி, வேலை நடக்கிறது என்று சமாளிக்கலாம் என்றிருந்தவருக்குக் கல்லும் போயிற்று.

“எதிர்க்கட்சிக்காரன் வேலைடா இது! அவன் நாலு கல்லைப் புடுங்குனா நான் அஞ்சாவதை நடுவேன்!”

“பேசாம ஒதுங்கிக்கினா இன்னாவாம்? அந்தப் பொண்ணுதான் நிக்கட்டுமே” என்றாள் மனைவி ஜெயம்மாள், சட்னியை ஊற்றியபடி.

“ஒதுங்கறதா? நானா? செத்தாலும் வேட்பாளராத்தான் சாவேன்!” என்று கையைக் கழுவினார்.

கல் பட்டறைக்காரர், “நாலடி கல்லு ரெடியா இருக்குதுங்க” என்றார்.

“யோவ், நாலடி வக்கிறது எதிர்க்கட்சிக்காரன். நான் என்னிக்காவது ஆறடிக்குக் கம்மியா வச்சிருக்கேனா? ஓடைக்கு அந்தாண்ட நின்னாலும் என் பேரு தெரியணும்!”

ஆறடிக் கல் வந்தது. போன தேர்தல் வருஷத் தேதியையும் பொறித்தாயிற்று. ஆனால் கண்ணாடி கணக்காகப் பளபளத்தது. பழசாகத் தெரியட்டும் என்று பிச்சைமுத்து ஒரு குடம் சாணியைக் கரைத்து ஊற்றினார். அந்த நாற்றத்தில் லாரிக்காரர் ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டிராக்டரைப் பிடித்தார்கள்.

மறுநாள் காலை அந்த டிராக்டர் நெல்லிமடுவுக்குக் கூப்பிடு தூரத்தில் சேற்றில் சிக்கிக்கொண்டு, பாதையை அடைத்து நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். கூடவே வந்த கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தால், பார்வையாளரின் கார்!

அவர் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லைப் படித்தார்.

“அஞ்சு வருஷம் முன்னாடி நட்ட கல்லு இன்னிக்கு ஏங்க டிராக்டர்ல போகுது?”

“கழுவறதுக்கு எடுத்துக்கினு போனோம். திருப்பி வக்கிறோம்” என்றார் கொளஞ்சியப்பன், கண்ணைக்கூட இமைக்காமல்.

“சாணியிலயா கழுவுனீங்க?”

பதில் சொல்வதற்குள் ஊர்ச்சனம் ஓடி வந்தது. முன்னால் வார்டு மெம்பர் ஆயம்மாள். கல்லைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் பல்.

“ஐயா கல்லு கொண்டாந்துட்டாருடோய்! கயிறும் கழியும் எடுத்துக்கினு வாங்க!”

எட்டுப் பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினார்கள். “கரையிலதான் நடணும்! அங்க ஏன்யா தூக்கினு போறீங்க?” என்று அலறியபடி பின்னாலேயே ஓடினார் கொளஞ்சியப்பன். அங்கே பார்த்தால், ஓடைப் பாறைகளின் மேல் வரிசையாக நான்கு கருங்கல் பலகைகள் கிடந்தன. நான்கிலும் அவர் பெயர். அக்கரைக்குச் சேர ஓர் ஆள் நீளம்தான் பாக்கி. அந்த இடைவெளியில் ஐந்தாவது கல் கச்சிதமாக உட்கார்ந்தது. புத்தகப் பையோடு காத்திருந்த பிள்ளைகள் கால் நனையாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.

பார்வையாளரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். போய்விட்டுத் திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாலம் இருக்கே! சீட்டு உங்களுக்குத்தாங்க!”

கொளஞ்சியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பின்னே? எவன் வந்தாலும் என்னை அசைக்க முடியாது! இந்தச் சனம் நாலு தபாவும் எனக்கே ஓட்டு போட்டுதுன்னா சும்மாவா? கேட்டுப் பாருங்க! ஏம்மா ஆயம்மா, சொல்லு!”

ஆயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஆமாங்க, எதிர்க்கட்சிக்காரங்க கல்லு நாலடி, துணி தொவைக்கத்தான் ஆவும். ஐயா கல்லு ஆறடின்னுதான் நாலு தபாவும் அவருக்கே போட்டோம். இன்னியோட பாலம் முடிஞ்சிபோச்சி, இனிமே ஐயா நிக்க வாணாங்க.”