ஒரே ஊர் போஸ்டிங்

"கிருஷ்ணகிரி வேற ஊரு, ஓசூர் வேற ஊரு. ஆமாவா, இல்லையா?" என்று கேட்டாள் மேரிராணி.

ஓசூரில் நிலமெடுப்பு டெபுடி கலெக்டராக இருந்த சகாயநாதன், தன் ஆபீஸில், தன் நாற்காலியிலேயே, விசாரணைக்கு வந்தவன் போல உட்கார்ந்திருந்தான். எதிரே மடியில் குடையை வைத்துக்கொண்டு இருந்தவள், எல்லாம் நல்லபடியாக நடந்தால் அவனுக்கு மாமியாராக வேண்டியவள்.

"ஐம்பது கிலோமீட்டர்தாங்க அம்மா. ஏறி உக்காந்தா ஒரு மணி நேரம்..."

"நான் கிலோமீட்டர் கேக்கலை தம்பி. ஊரு கேட்டேன்."

"வேற ஊருதான்."

"அப்போ கல்யாணம் கிடையாது."

மேரிராணியைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் கணவர் ராஜப்பன் மிலிட்டரியில் இருந்தவர். அவர் பதான்கோட்டில் காவல் காக்க, இவள் ரேஷன் கடையில் வரிசை காத்தாள். பிள்ளைகள் அப்பாவை போட்டோவில் பார்த்து வளர்ந்தன. ஒருமுறை லீவில் வந்தவரை, "யாரோ மீசை வச்ச மாமா வந்திருக்காரு" என்று மகள் அருள்மேரியே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டாள். பென்ஷன் வாங்கிய பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் வீடு கட்டிக்கொண்டார்கள். கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாடு அரசாங்கத்தைத் திட்டும் வசதி அவளுக்கு இருந்தது. அதை அவள் நன்றாகவே பயன்படுத்தினாள்.

அந்த அருள்மேரிதான் கிருஷ்ணகிரியில் ஆர்.டி.ஓ. அவளும் சகாயநாதனும் ஒரே வருஷம் பரீட்சை எழுதி நேராக டெபுடி கலெக்டர் ஆனவர்கள். சீனியாரிட்டி பட்டியலில் அவள் பெயருக்கு நேர் கீழே அவன் பெயர். பயிற்சிக் காலத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மற்றதெல்லாம் அதன்படி நடந்தது. காதலித்த பிறகும் அவன் ஒரு படி கீழேயே நின்று அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டான்.

"அவங்க அவங்க ஊர்லயே குடியிருக்கணும்னு உங்களுக்கு விதி இருக்குதாமே?" என்றாள் மேரிராணி.

"இருக்குதுங்க."

"ஆளுக்கு ஒரு ஊர்ல உக்காந்து லெட்டர்ல குடும்பம் நடத்தறதுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான், பேக்டரியில எஞ்சினியர். மாத்தலே கிடையாது. சங்கு ஊதினா போவான், சங்கு ஊதினா வருவான். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். ஒரே ஊர்ல ரெண்டு பேருக்கும் போஸ்டிங் ஆர்டர் வாங்கிட்டு வா. இல்லைன்னா சங்குக்காரன்தான் மாப்பிள்ளை."

குடை எழுந்து போய்விட்டது. சகாயநாதன் யோசித்தான். கணவன் மனைவி என்றால் ஒரே ஊர் கேட்கலாம். அதற்கு அரசாணையே இருந்தது. ஆனால் கல்யாணம் ஆகாமல் அப்படிக் கேட்க முடியாது. ஒரே ஊர் கிடைக்காமல் கல்யாணம் ஆகாது. காதல் என்று எழுதிக் கொடுக்கலாமென்றால், அதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் அன்றைக்கே தாடி வளர்க்க ஆரம்பித்திருப்பான். சகாயநாதன் பேனாவைத் திறந்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு டெபுடி கலெக்டர் இடம் காலியாக இருந்தது. சொந்தக் காரணங்களுக்காகத் தன்னைக் கிருஷ்ணகிரிக்கு மாற்ற வேண்டும் என்று சென்னைக்கு எழுதினான். ஆர்டர் கையில் கிடைத்ததும் அருள்மேரியிடம் நீட்டி அசத்தலாம் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்தது. கிருஷ்ணகிரிதான். அவன் பெட்டி படுக்கையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சூளகிரி டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினால், எதிரே இன்னொரு ஜீப் நிற்கிறது. அதிலும் பெட்டி, படுக்கை. அதன் நிழலில் அருள்மேரி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே இந்தப் பக்கம்?" என்றாள்.

"கிருஷ்ணகிரிக்கு. ஆர்.டி.ஓ.வா. நீங்க?"

"ஓசூருக்கு. ஓசூர்ல நிலமெடுப்பு ரெண்டாவது யூனிட் காலியா இருக்குன்னு கேட்டு, உங்களுக்குத் தெரியாம எழுதிப் போட்டேன்." அவள் டீயைக் கீழே வைத்தாள். "உங்க நாற்காலியிலயே போட்டிருக்காங்க."

"உங்க நாற்காலியில என்னைப் போட்டிருக்காங்க."

இரண்டு டிரைவர்களும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

"இனிமே ஒருத்தர்தான் எழுதணும்" என்றாள் அருள்மேரி. "ஜூனியர் எழுதட்டும்."

ஜூனியர் எழுதினான். இந்த முறை தானாக எழுதவில்லை; ஓசூர் ஆபீஸின் தலைமை எழுத்தர் திம்மப்பனிடம் போனான். திம்மப்பன் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸில் தமிழ் பேசுகிறவர். மூன்றிலும் மனு எழுதுவார்.

"சொந்தக் காரணம்னு எழுதினா எவனும் பாக்க மாட்டான் சார். அரசாங்கத்துக்கு என்னா லாபம்னு எழுதணும். ஓசூர்ல நீங்க ஆரம்பிச்ச வேலை பாதியில நிக்குது, நீங்களே வந்து முடிச்சாதான் ஆவும்னு போடுங்க."

"ரெண்டாவது யூனிட்டுக்குத்தானே கேக்கணும்?"

"ஓசூர்னு கேளுங்க சார், போதும். குடுக்கறதை வாங்கிக்கலாம்."

குடுத்தார்கள். சகாயநாதனுக்கு ஓசூர், பழைய நாற்காலியே. அதில் உட்கார்ந்திருந்த அருள்மேரிக்கு ராமநாதபுரம். இரண்டாவது யூனிட் நாற்காலி காலியாகவே தூசு தின்றுகொண்டிருந்தது.

"அய்யோ தேவரே!" என்று திம்மப்பன் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு காரியத்தைப் பார்த்தார். ஒரே நாளில் வழியனுப்பு விழா, வரவேற்பு விழா. மாலை, காராபூந்தி, இரண்டு சொற்பொழிவு. வழியனுப்பில் அருள்மேரியைப் பற்றிப் பேசிய சகாயநாதன் நடுவில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்த ஆபீஸ், சின்ன வயசிலேயே இப்படி ஒரு பெரிய மனசா என்று வியந்தது.

அடுத்த வாரம் குடை வந்தது.

"ஐம்பது கிலோமீட்டர் நானூறு ஆயிருச்சு. உன் முயற்சி நல்லா இருக்குது தம்பி."

"இன்னும் ஈஸ்டர் வரலீங்களே அம்மா" என்றான் சகாயநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு.

டிரங்க் கால் போட்டு, நடுவில் இரண்டு தடவை அறுந்து, ராமநாதபுரத்தைப் பிடித்தான். அந்தப் பக்கம் அருள்மேரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இந்தத் தடவை நான் எழுதறேன். சீனியர் கேட்டா மறுக்க மாட்டாங்க. சீனியாரிட்டிப்படி எனக்கு முன்னுரிமை உண்டு, ஓசூர் குடுங்கன்னு கேக்கறேன். நீங்க ஒரு எழுத்துக்கூட எழுதாதீங்க!"

"எழுதலை. வந்துடுவீங்களா?"

"வராம? எங்கம்மா பொண்ணு நான்."

வந்துவிட்டாள். ஆர்டர் பங்குனியில் வந்தது. அருள்மேரிக்கு ஓசூர், அதே நாற்காலி. சகாயநாதனுக்கு நாகர்கோவில். அதற்குக் கீழே போஸ்டிங் போடத் தமிழ்நாட்டில் இடம் இல்லை, கடல்தான் இருந்தது.

ஓசூர் மாலைக்காரர், "வழக்கம்போல ரெண்டுதானுங்களே?" என்று கேட்டுக் கட்டிக் கொடுத்தார். சகாயநாதன் பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டான். அருள்மேரி ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒரே காகிதத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. சர்ச் கல்யாணப் பதிவேட்டில் போட வேண்டியதை இங்கே போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேலே இருக்கறவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்றாள் அருள்மேரி. அவள் கண்ணும் சரியாக இல்லை.

"தெரியலை. ஆனா நான் விடப் போறதில்லை."

"நானும்தான்."

நாகர்கோவிலில் அவன் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அத்திப்பள்ளியிலிருந்து கார்டு வந்தது. ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எஞ்சினியர் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். சகாயநாதனிடம் போஸ்டிங் ஆர்டர் இருந்தால் காலையிலேயே கொண்டுவந்து காட்டலாம். இல்லாவிட்டால் வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இப்படிக்கு மேரிராணி.

சகாயநாதன் கார்டை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். எத்தனையோ பேர் கனவு காணும் வேலை. அவன் அப்பா திண்டுக்கல்லில் தோல் கிடங்கில் நின்று படிக்க வைத்து வந்த வேலை. அதைவிட்டால் அவனுக்கு வேறு ஊர், நாற்காலி, ஜீப் எதுவும் கிடையாது. அருள்மேரி இருக்கும் ஊரில் ஒரு டியூட்டோரியல் காலேஜில் பாடம் நடத்தினால் போதும். அவளை எங்கே தூக்கிப் போட்டாலும் கரும்பலகை இல்லாத ஊர் கிடையாது. ஒரு வழியாக மனசு அடங்கியது. ராஜினாமாக் கடிதம் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் சென்னைக்கு அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்திப்பள்ளி வீட்டுக் கூடத்தில் வியர்த்து வழிந்து நின்றான். அருள்மேரி முன்னாலேயே வந்திருந்தாள். ராஜப்பன் செய்தித்தாளுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்தார்.

"ஆர்டர் எங்கே?" என்றாள் மேரிராணி.

"ஆர்டர் இல்லீங்க அம்மா. இனிமே ஆர்டரே வராது. வேலையை ராஜினாமா பண்ணிட்டேன். உங்க பொண்ணு எந்த ஊர்ல இருக்காங்களோ, அதுதான் என் ஊரு."

அருள்மேரி 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடி?"

"நானும் பண்ணிட்டேன்மா. புதன்கிழமை தபால்ல போட்டேன். நாகர்கோவில்ல இவர்கூடப் போய் இருந்துக்கலாம்னு..."

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. இரண்டு டெபுடி கலெக்டர்கள் ஒரே நேரத்தில் வேலை இல்லாதவர்களாகி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலில் சிரித்தது அருள்மேரி. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. சகாயநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மேரிராணியின் முன்னாலேயே அதை விடாமல் நின்றான்.

மேரிராணி கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கோங்க. முப்பது வருஷத்துல எனக்காக நீங்க ஒரு லீவ் லெட்டர் எழுதியிருப்பீங்களா? இதுங்க ரெண்டும் ராஜினாமா எழுதியிருக்குதுங்க." அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "போய் அந்த சங்குக்காரன் வீட்டுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க. வேலையே வேணாம்னு வந்த பிறகு எந்த ஊரா இருந்தா எனக்கென்னா? அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

ராஜப்பன், உத்தரவு கிடைத்த சிப்பாயைப் போல எழுந்து செருப்பு மாட்டினார்.

அவர் கதவைத் திறந்தபோது வாசலில் திம்மப்பன் மூச்சு வாங்க நின்றார். கூடவே தோள்பையோடு ஒல்லியாக ஒரு ஆள்.

"மன்னிக்கணும் சார், மேடம். ஆபீஸ் ஜீப் எல்லை தாண்டக் கூடாதில்லைங்களா, ஜூஜுவாடியில விட்டுட்டு நடந்தே வந்தோம். இவரு செல்வம், சென்னையில உங்க போஸ்டிங் பைல் எல்லாம் பாக்கற செக்‌ஷன் ஆளு. ஓசூர்ல வந்து மேடம் எங்கேன்னு கேட்டாரு. நாகர்கோவில் சாரும் இங்கதான் வர்றாருன்னு சொன்னேன், அதுல இருந்து பதறிக்கிட்டே வர்றாரு."

செல்வம் கூடத்தைப் பார்த்தான். சகாயநாதனும் அருள்மேரியும் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து நிற்பதைப் பார்த்தான். பையைத் தரையில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து இருவரையும் விலக்கி, நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் சார்! மேடம், நீங்களாவது விடுங்க! ரெண்டு ராஜினாமாவையும் நான் மேலே அனுப்பாம என் பையிலயே வச்சிருக்கேன், ஒண்ணும் கெட்டுப் போகலை!"

"யாருப்பா நீ? என்னா பண்றே?" என்று அதட்டினாள் மேரிராணி.

"பெரியவங்க நீங்களாவது புத்தி சொல்லுங்கம்மா!" என்று செல்வம் அழாக்குறையாகக் கும்பிட்டான். "சீனியாரிட்டியில இவங்க ஒரு படி மேல, அவரு ஒரு படி கீழ, அந்தப் பகையில ஒருத்தர் நாற்காலியை ஒருத்தர் விடாம கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒரே ஊர்ல போட்டா அடிதடி ஆயிடும்னு நாங்கதான் ஒரு வருஷமா இவங்களைப் பாத்துப் பாத்துப் பிரிச்சு வச்சிருக்கோம்!"