மர்ம நபரைக் கண்டால் தகவல் தரவும்

மனிதர்களில் உஷார் பேர்வழி என்று ஒரு ரகம் உண்டு. தெருவுக்கு ஒருவர் நிச்சயம்; தெரு கொஞ்சம் நீளமாக இருந்தால் இரண்டு பேர். கண்டுபிடிப்பது சுலபம். "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க சார், பட்டப்பகல்லயே பறிச்சிட்டுப் போறான்" என்று பதில் வந்தால் அவரேதான். யார் பறித்தது, எதை, எந்த ஊரில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செல்போனை எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

நம்முடைய உஷாருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊராரின் பார்வைக் கோளாறையெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டியே கண்டுபிடித்துவிடுகிற கெட்டிக்காரர். ஆனால் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாரானால் தீர்ந்தது. சிவப்பு வட்டம் போட்டு, திகில் இசை சேர்த்து, ஒரே செயின் பறிப்பை நாற்பது தடவை காட்டுவார்கள். அவருக்கு அது நாற்பது செயின். செய்தி வாசிப்பவர்கள் "மர்ம நபர், மர்ம நபர்" என்று சொல்லிச் சொல்லி, அது ஒரே ஆளின் பெயர் என்கிற முடிவுக்கே அவர் வந்துவிட்டார்.

"எல்லா ஊர்லயும் இவன்தான் கைவரிசை காட்டறான். இன்னும் பிடிக்காம என்ன பண்றாங்க?"

இப்படிப்பட்டவரின் மகளுக்கு வேலை கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது. இரண்டு வருஷம் அலைந்து, ஏழு இன்டர்வியூவில் தோற்று, எட்டாவதில் கிடைத்த வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பாவம், அந்தப் பெண் அப்பாவின் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்தாள்.

"வேண்டாம்மா. போற வழியில ஒரு பாலம் இருக்கு."

"பாலத்துல என்னப்பா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு டீச்சர், தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். அவர் வீட்டுக் காமிராவில் முந்தின நாள் பதிவானது. ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் மாட்டிய ஒருவன் உஷாரின் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறான். பத்தடி நடக்கிறான். திரும்பி வந்து மறுபடியும் இழுக்கிறான். ஜன்னலை எட்டிப் பார்க்கிறான். கடைசியில் பூட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறான். "இது யார் என்று தெரியுமா?" என்று கேட்டிருந்தார் டீச்சர்.

உஷாரின் விரல் ஓடியது. "பட்டப்பகலில் துணிகரம். பார்த்தால் விடாதீர்கள். கட்டிவைத்துவிட்டுத் தகவல் தரவும்" என்று தலைப்புக் கொடுத்து, தெரிந்த குழுக்களுக்கெல்லாம் தள்ளி, உள்ளூர் டி.வி.க்கும் அனுப்பிவைத்தார். சாயங்காலமே சிவப்பு வட்டத்தோடு வந்துவிட்டது. பொதுமக்கள் பீதியில் இருக்கிறார்களாம்.

"நம்ம வாசலுக்கே வந்துட்டான். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார் மகளிடம். எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அந்தப் பயம் மட்டும் பொய்யில்லை.

மகள் டி.வி.யை உற்றுப் பார்த்தாள். "அப்பா, அவன் போட்டிருக்கறது என் மழைக்கோட்டு."

"அடப்பாவி, அதையும் திருடிட்டானா?"

"கையில நம்ம கடைப் பை."

"அதுவுமா?"

"ரெண்டும் அதோ ஆணியில தொங்குது."

உஷார் ஆணியைப் பார்த்தார். "திருடினதைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கான்னா, எவ்வளவு தேர்ந்த கையா இருக்கணும்!"

சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள். "நேத்து, யாரும் அடையாளம் கண்டு பின்னாடி வந்துடக்கூடாதுன்னு ஹெல்மெட்டும் இவ கோட்டும் மாட்டிக்கிட்டுக் கடைக்கு நடந்து போனது யாரு? நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப, வீட்டைப் பூட்டிட்டேன்னு எனக்கு போட்டோ அனுப்பினது யாரு? கோட்டைத் திருடினான், பையைத் திருடினான், சரி. உங்க நடையையுமா திருடிட்டான்?"

உஷார் எழுந்து டி.வி.யை அணைத்தார்.

"குழுவில உண்மையைச் சொல்லிடுங்கப்பா."

"சொன்னா மானம் போயிடும்மா. சொல்லலைன்னா கட்டிவச்சிடுவாங்க. முப்பத்தேழு பேர் தயார்னு கட்டைவிரல் காட்டியிருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு நீ எத்தனை மணிக்குக் கிளம்பறே? உன் பஸ் நம்ம கடை வழியாத்தானே போகுது?"

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் வேலையில் சேர்ந்தாள். அதற்கு முன்னால் அப்பாவின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி, கடை வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் நான் வர்றவரைக்கும் தனியா எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். போன வாரம் லிஃப்டில் உங்களோடு முன்பின் தெரியாத ஒருவர் ஏறினாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் கைப்பையை மெதுவாக மறுபக்கம் மாற்றிக்கொண்டீர்கள். அவரும் மாற்றிக்கொண்டார், கவனித்தீர்களா?