மூணு பின்னும் ஒரு நிமிஷ அமைதியும்

மைக் செட் வைத்துப் பிழைத்தவர்களில் சத்தமே பிடிக்காத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மூணு பின்னுதான். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அவர் ஸ்பீக்கர் குழாய் கட்டாத கல்யாணம் கிடையாது. ஆனால் பந்தலில் பாட்டு ஆரம்பித்ததும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பந்தி நடக்கும் பக்கம் போய்விடுவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கும். அவர் பையில் மைக் ஒயரின் மூன்று பின் உள்ள தலை இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கலாம்.

அவரை என் வீட்டுக்கு வரவழைத்தது என் கைவரிசை. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை மூடியபோது கழித்துவிட்ட சி.டி. பிளேயரை ஆசையாக வாங்கி வந்தேன். அதன் முதுகில் மூன்று பின். என் வீட்டு ஆம்ப்ளிஃபயரிலோ இரண்டே இடம்: நடுவில் ஒரு குழி, சுற்றி ஒரு வளையம். மூன்றை இரண்டில் எப்படிச் சேர்ப்பது? நான் மணலூர்பேட்டைக் கரும்புக் குடும்பத்துப் பிள்ளை. மோட்டார் லோடை ஒரு ஒயர் தாங்காவிட்டால் ரெண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கிவிடுவது எங்கள் வழக்கம். இங்கேயும் அதையே செய்தேன். எர்த் ஒயரை வெட்டிவிட்டு, பாட்டு வரும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி நடுவில் பற்றவைத்தேன்.

பாட்டுக்காரர் காணாமல் போனார். 'உம்ம்' என்ற இரைச்சல் மட்டும் மாவு மில் மாதிரி வீடு முழுக்க நிறைந்தது. நாலு நாள் பொறுத்த என் மனைவி சாந்தி ஐந்தாம் நாள் வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நிக்கலன்னா, பொட்டி பழைய இரும்புக் கடைக்குப் பூடும்ங்க."

அவள் சொன்னால் செய்வாள். என் ஸ்கூட்டர் அப்படித்தான் போனது.

ஞாயிறு காலை மூணு பின்னு வந்தார். பெட்டியைத் தொடவே இல்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார், பிறகு ஃபிரிட்ஜை. மிக்சியை நிறுத்தியதில் சட்னி பாதியில் நின்றது. பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் மோட்டாரையும் நிறுத்திவிட்டு வந்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். கடைசியில் என்னையும் கொஞ்சம் மெதுவாக மூச்சு விடச் சொன்னார். கரண்டியோடு சாந்தி நின்ற நிலையைப் பார்த்து நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகுதான் என் முறுக்கலைப் பிரித்துப் பார்த்தார்.

"யாரு சார் இத முறுக்குனது?"

நான்தான் என்றேன்.

"ரெண்டுலயும் ஒரே பாட்டுதான் போய்க்கினு இருக்குது. ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. சேத்து முறுக்கினா ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு பூடும். புருஷனும் பொஞ்சாதியும் ஒரே நேரத்துல பேசுனா எவன் காதுல இன்னா வுழும்?"

அந்த வாரத்தில் சாந்தி முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

எர்த்தை வளையத்தோடு சேர்த்தார். நேரான ஒயரை மட்டும் நடுவில் பற்றவைத்தார். தலைகீழ் ஒயரின் நுனியில் டேப்பைச் சுற்றி, அது சும்மா இருக்கட்டும் என்றார். பாட்டுப் போடாமலே சத்தத்தை முழுக்கத் திருகினார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்.

"ஒண்ணும் கேக்கலையேண்ணா?"

"அதாங்க."

நான் பாட்டைப் போட்டதும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது அவர் வெள்ளிமலையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே கரண்ட்டு கம்மி, அதனால் இரைச்சலும் கம்மியாம். ஆனாலும் ஞாயிறு பத்து மணிக்கு போன் வந்துவிடும். பாட்டு வேண்டாம், சத்தத்தை மட்டும் முழுக்கத் திருகி ஸ்பீக்கர் கிட்டே போனை வையுங்கள் என்பார். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "நல்லாருக்குது" என்று வைத்துவிடுவார். என்னைப் பற்றி ஒரு விசாரிப்பும் கிடையாது.

போன ஞாயிறு பத்து மணிக்கு போன் வரவில்லை. பத்தேகாலாகியும் வரவில்லை. சமையலறையிலும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, மூடி போட்ட மிக்சி ஜாரைக் கையில் பிடித்தபடி சாந்தி நின்றிருந்தாள்.

"மலையில சில நேரம் டவர் கெடைக்காதுங்க. நீங்களே அவருக்கு போன் போட்டுப் பாருங்க. அவரு அந்த ஒரு நிமிஷம் கேக்காம சட்னி அரைக்க எனக்கு மனசு வரல."